சிறைக் காவலர் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு கிராமம். பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தேன். அது பிடிக்காமல் ஊருக்கு வந்து சீருடைப் பணியாளர் தேர்வு எழுதினேன். தேறிவிட்டேன். ஆனால் கிடைத்திருப்பது இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் பணி. கூட ஓடிப் பழகிய நண்பர்கள் இரண்டு பேருக்கும் போலீஸ் கிடைத்துவிட்டது. "பையன் ஜெயில்ல இருக்காம்னு சொன்னா எவம்ல பொண்ணு தருவான்?" என்று அம்மா கேட்கிறார். அப்பா வாயே திறக்கவில்லை. சேரலாமா, அடுத்த எஸ்.ஐ. தேர்வு வரை காத்திருக்கலாமா? இன்னொன்று: எனக்குச் சொல்லிக் கொடுப்பது பிடிக்கும். ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருக்கிறேன். சிறைத்துறையில் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு என்னைப் போன்றவர்கள் போக வழி உண்டா?

பதில்:

அன்புள்ள தம்பி,

சேர்ந்துவிடுங்கள். எஸ்.ஐ. தேர்வு அறிவிப்பு எப்போது வரும், எத்தனை இடம் வரும், யாராவது வழக்குப் போட்டு நிறுத்துவார்களா என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. வந்த அரசு வேலையை விட்டுவிட்டு மொட்டை மாடியில் புத்தகத்தோடு உட்கார்ந்த பையன்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். கொஞ்ச நாளில் வீட்டில் பேச்சு மாறிவிடும். அப்புறம் படிப்பு ஏறாது. சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பதே மேல்.

ஆனால் "போலீஸ் கிடைக்காததால் இது" என்ற நினைப்போடு உள்ளே போகாதீர்கள். சிறைத்துறையில் காவல் பக்கமும் பயிற்சிப் பக்கமும் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: காக்கி ஒன்றாக இருந்தாலும் வேலை வேறு. போலீஸ்காரர் ஒருவரைப் பிடித்து, வழக்கு எழுதி, கோர்ட்டில் நிறுத்திவிட்டால் அந்த ஆளோடு அவருக்குப் பேச்சுவார்த்தை பெரும்பாலும் முடிந்தது. நமக்கு அங்கேதான் ஆரம்பம். அதே ஆளோடு நாளைக்கும் நாளன்றைக்கும், சிலரோடு பத்துப் பன்னிரண்டு வருடமும் ஒரே மதிலுக்குள் இருக்க வேண்டும். போலீஸில் ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இருக்காது. இங்கே எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால்தான் நல்லது. அந்தச் சலிப்பைத் தாங்குகிற ஆளா நீங்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். கையில் லத்தியோடு ரோட்டில் நின்றால்தான் வேலை என்று தோன்றுகிறதென்றால் இந்தத் துறையில் நீங்களும் கஷ்டப்படுவீர்கள், உங்கள் பிளாக்கில் இருப்பவர்களும் கஷ்டப்படுவார்கள்.

நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். மத்திய சிறை வாசலில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கதவு. வெளிக்கதவைப் பூட்டிய பிறகுதான் உள்கதவு திறக்கும். இரண்டும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கக் கூடாது. செல்போனை வெளியே கொடுத்துவிட்டு, பெயரும் நேரமும் எழுதி, உங்களையும் சோதனை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். "என்னையுமா?" என்று முதல் வாரத்தில் கோபம் வரும். வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். எல்லாரையும் ஒரே மாதிரி சோதிக்கிற வாசல்தான் உங்களையும் காப்பாற்றுகிற வாசல்.

அப்புறம் கணக்கு. காலையில் பிளாக்கைத் திறக்கும்போது ஒரு கணக்கு, சாயங்காலம் அடைக்கும்போது ஒரு கணக்கு, நடுவிலும் உண்டு. ஆஸ்பத்திரியில் இத்தனை பேர், கோர்ட்டுக்குப் போனது இத்தனை, சமையல்கட்டில் இத்தனை, தறியில் இத்தனை என்று கூட்டிப் புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துவர வேண்டும். ஒரு தலை குறைந்தால் ஒன்றும் நகராது. கோர்ட்டுக்கு அழைத்துப் போக வந்த ஆயுதப்படை வண்டி வாசலிலேயே நிற்கும். மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்தித்துப் பேச, வந்த சொந்தக்காரர்கள் வெயிலில் நிற்பார்கள். தப்பி ஓடியவன் என்று பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டான். காய்ச்சல் என்று ராத்திரி ஆஸ்பத்திரிக்கு மாற்றிய ஒருவரைப் புத்தகத்தில் ஏற்ற யாரோ மறந்திருப்பார்கள். மெக்கானிக்கல் படித்தவருக்கு எண்ணுவது பெரிய விஷயமில்லை. தினமும் முகத்தைப் பார்த்து எண்ணுவதுதான் பெரிய விஷயம். சில மாதம் போனால் கண் தானாகப் போர்வைகளை எண்ண ஆரம்பித்துவிடும். போர்வைக்குள் இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தி.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறான சாவுகளில் முதலிடம் தற்கொலைக்குத்தான். சினிமாவில் காட்டும் கத்திக்குத்து இல்லை. அது எப்போது நடக்கும் என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம். உள்ளே வந்த முதல் சில ராத்திரிகள், ஜாமீன் மனு தள்ளுபடியான நாள், தீர்ப்பு வந்த நாள், எப்போதும் மனு பார்க்க வருகிற மனைவி வராமல் போன வாரம். அந்த மாதிரி ஒருவர் உங்கள் பிளாக்கில் இருந்தால் தனியாக ஒரு செல்லில் விடாதீர்கள். புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள். சாவி கைமாறும்போது சாவியை மட்டும் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் உண்டு. நீங்கள் அப்படி ஓடாதீர்கள்.

உள்ளே இருப்பவர்கள் யார் என்பதிலும் உங்கள் கற்பனையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் சுமார் 5.73 லட்சம் பேர் இருந்தார்கள், அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். இட நெருக்கடியில் தமிழ்நாடு பல வடமாநிலங்கள் அளவுக்கு மோசமில்லை. ஆட்பற்றாக்குறை மட்டும் இங்கேயும் உண்டு. ஆறு சிறைவாசிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்கிறது மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு. அதை மூன்று ஷிப்டாகப் பிரித்தாலே பதினெட்டுப் பேருக்கு ஒருவர். விடுப்பு, வாசல் டியூட்டி, டவர் டியூட்டி எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரு பிளாக் நிறைய ஆட்களுக்கு நடுவில் நீங்கள் ஒற்றை ஆளாக நிற்கும் வேளைகள் வரும். அப்போது லத்தி எந்தக் காரியத்துக்கும் உதவாது. அத்தனை பேரும் நீங்கள் சொல்வதைக் கேட்பது, கேட்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதால்தான். அப்படித் தோன்ற வைப்பது உங்கள் பேச்சும், நேற்று நீங்கள் நடந்துகொண்ட விதமும்.

ஐ.நா. பொதுச் சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட, சிறைவாசிகளை நடத்தும் முறை பற்றிய நெல்சன் மண்டேலா விதிகள் இதைப் பயிற்சிப் பாடமாகவே வைத்திருக்கின்றன. மதில், கம்பி, பூட்டு தரும் பாதுகாப்பு ஒரு வகை. உள்ளே இருப்பவர்களை அறிந்து, அவர்களோடு பேசிப் பழகி, ஒரு விஷயம் பெரிதாவதற்கு முன்பே மோப்பம் பிடிப்பதால் வரும் பாதுகாப்பு இன்னொரு வகை. தினமும் கேரம் ஆடுகிற இடத்தில் இன்றைக்கு ஆளில்லை, எப்போதும் கத்திப் பேசுகிறவன் குரலைத் தாழ்த்துகிறான், சாப்பாட்டை வாங்கிக்கொண்டு யாரும் சாப்பிடவில்லை என்றால் ஏதோ நடந்திருக்கிறது. 1999 நவம்பரில் சென்னை மத்திய சிறையில் நடந்த கலவரம் ஒரு சிறைவாசி இறந்துவிட்டார் என்ற செய்தி பரவியதில் கிளம்பியது. துணை ஜெயிலர் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் சிறைவாசிகளும் இறந்தார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. செய்தி எந்த வேகத்தில் பரவும், அதை முதலில் உணர வேண்டியவர் பிளாக்கில் நிற்கும் காவலர்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடிதடியை விட எனக்கு உங்களைப் பற்றிக் கவலை தருவது வேறொன்று. இளம் காவலர்களின் வேலை போவது பெரும்பாலும் அதில்தான். அது இப்படி ஆரம்பிக்கும்.

நாற்பது வயதுக்காரர் ஒருவர், மரியாதையானவர், உங்களிடம் எதுவும் கேட்டதே இல்லை. சொல்லப்போனால் ஒருநாள் பிளாக்கில் சண்டை வந்தபோது நாலு பேரைச் சமாதானப்படுத்தி உங்களுக்கு உதவியவர். ஒரு சாயங்காலம் வந்து, "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னைக்கு எம் பொண்ணுக்குப் பொறந்தநாளு. அப்பா நல்லா இருக்காருன்னு வீட்டுக்கு ஒரு போன் மட்டும் பண்ணிச் சொல்லிடுங்க" என்பார். நம்பர் எழுதிய சின்னத் துண்டுச் சீட்டு. இதில் என்ன தப்பு? ஒரு குழந்தையின் பிறந்தநாள். வீட்டுக்குப் போகிற வழியில் போன் போடுகிறீர்கள். அந்த அம்மா அழுதுகொண்டே நன்றி சொல்கிறார். இப்போது உங்கள் நம்பர் அவரிடம் இருக்கிறது. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன், "அண்ணே, அக்கா குடுக்கச் சொன்னாங்க" என்று ஒரு ஸ்வீட் பாக்ஸை நீட்டுகிறான். அதற்கு அடுத்த வாரம் செல்போனுக்கு இரண்டாயிரம் ரூபாய் வந்து விழுகிறது. நீங்கள் கேட்கவே இல்லை. அதன் பிறகு ஒருநாள் அதே மரியாதையான குரலில், "சார், ரெண்டு கட்டு பீடி. அவ்வளவுதான்." தயங்குவீர்கள். "என்ன சார், அன்னைக்குப் போன் பண்ணீங்க, பணம் வந்துச்சு, நான் யார்கிட்டயாவது சொன்னனா?" என்பார். அது மிரட்டல் என்று உங்களுக்கு உறைப்பதற்குள் பீடி சிம் கார்டு ஆகியிருக்கும், சிம் கார்டு கஞ்சா ஆகியிருக்கும்.

இதில் தந்திரம் அந்த ஆளுடையது மட்டும் என்று நினைக்காதீர்கள். நமக்கும் நல்லவன் என்று பேர் வாங்கும் ஆசை இருக்கிறது. அந்த ஆசைதான் கைப்பிடி. தடை செய்த பொருளை உள்ளே கொண்டுபோனால் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் மூலப் பாடத்தில் 42ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, இருநூறு ரூபாய் வரை அபராதம். இருநூறு ரூபாய் அந்தக் காலத்துக் கணக்கு. இந்தக் காலத்தில் கஞ்சா என்றால் போதைப்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும், வேலையும் போய்விடும். நேற்று வரை நீங்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் நீங்களே நிற்க வேண்டி வரும்.

அப்படியானால் அந்தச் சாயங்காலம் என்ன சொல்ல வேண்டும்? வகுப்பில் இதை நடித்துக் காட்டச் சொல்வேன். ஒருவர் சிறைவாசி, ஒருவர் காவலர். புதுப் பையன்கள் இரண்டு விதமாகத் தோற்பார்கள். ஒரு சாரார் "என்னய்யா நெனச்சிட்டிருக்க?" என்று எகிறுவார்கள், ஒரு தகப்பன் பிள்ளையைப் பற்றிக் கேட்டதற்குத் திட்டு வாங்கினால் அந்த ஆள் மறுநாள் உங்களுக்கு எதிரி, பிளாக்கில் அவர் பேச்சைக் கேட்கிற இருபது பேரும் எதிரி. இன்னொரு சாரார் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நழுவுவார்கள். அது இன்னும் மோசம். அவர் ராத்திரி முழுக்க அந்தப் 'பார்க்கலாமை' நம்பிக்கொண்டு படுத்திருப்பார். சரியான பதில் சாதாரணமாகத்தான் இருக்கும்: "என்னால் முடியாது. யாருக்கும் நான் செய்வதில்லை. சிறைவாசிகளுக்கான போன் இருக்கிறது, எழுதிக் கொடுங்கள். நல அலுவலர் நாளைக்குக் காலையில் வருவார், நான் அவரிடம் சொல்கிறேன்." காலையில் உண்மையிலேயே நல அலுவலரிடம் சொல்ல வேண்டும். துண்டுச் சீட்டைப் பற்றி மேலதிகாரிக்கும் சொல்ல வேண்டும். குரல் ஏறாமல் இந்த நாலு வாக்கியத்தைச் சொல்ல ஒரு நல்ல பையனுக்கு வகுப்பில் ஏழெட்டுத் தடவை ஆகும். கவாத்து இதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

நீங்கள் தென்மாவட்டத்துக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையிலேயே போஸ்டிங் விழலாம். "சாருக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்பார்கள். என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே இருப்பவர்கள் மட்டுமல்ல, கூட வேலை பார்ப்பவர்களும் கேட்பார்கள். பதில் சொல்லாமல் கடந்து போகப் பழகுங்கள். கையில் கயிறு கட்டியிருந்தால் ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதும், சாதி பார்த்து வேலை கொடுப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டமே இருக்கக் கூடாது என்றது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்த பழக்கமும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. "பிரிக்காவிட்டால் வெட்டிக்கொள்வார்கள்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பயம் உண்மைதான், அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மோதலைத் தடுக்கத்தானே நமக்குச் சம்பளம்? ஆளைப் பார்த்து, வழக்கைப் பார்த்து, யாருக்கும் யாருக்கும் பகை என்று விசாரித்துப் பிரிக்கலாம். அதற்கு வேலை அதிகம், அவ்வளவுதான். சாதிச் சான்றிதழைப் பார்த்துப் பிரிப்பது சோம்பேறி வழி.

அடிப்பதைப் பற்றியும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். தற்காப்புக்கும், சண்டையை விலக்கவும், தப்பி ஓடுபவரைத் தடுக்கவும் தேவையான அளவு பலம் உண்டு. தண்டனையாக அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. இதைச் சொல்லிக் கொடுக்க நான் எடுப்பது திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா வழக்கு. பக்கத்தில் இருந்த இன்னொரு சிறைவாசியை, அவர் வீட்டிலிருந்து பணம் பறிப்பதற்காக ஒரு தலைமை வார்டர் சித்திரவதை செய்தார் என்று பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். வக்கீல் இல்லை, மனு இல்லை, வெறும் கடிதம். நீதிமன்றம் அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. 1979 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். பையன்களுக்கு நான் கேட்கும் கேள்வி சட்டப் பிரிவைப் பற்றியது இல்லை. "அந்தப் பிளாக்கில் அன்றைக்கு டியூட்டியில் வேறு காவலர்கள் இருந்திருப்பார்கள் இல்லையா? அவர்கள் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள்?" வகுப்பு கொஞ்ச நேரம் பேசாது. நீங்களும் ஒருநாள் அந்த இடத்தில் நிற்கக்கூடும் என்பதால் கேட்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வழி உண்டு. ஆனால் நேர் வழி இல்லை, குறுக்கு வழியும் இல்லை.

சிறைக் காவலராகச் சேர்ந்ததும் உங்களுக்கு அடிப்படைப் பயிற்சி இருக்கும். காலையில் ஓட்டம், கவாத்து. பிறகு துப்பாக்கி, முதலுதவி, சிறை விதிகள், சோதனை போடும் முறை. அதற்கு மேல் நிலையில், நேரடியாகத் தேர்வாகும் அதிகாரிகளுக்குப் பயிற்சி வேலூர் தொரப்பாடியில் இருக்கும் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகக் கழகத்தில். 1979இல் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு மட்டுமல்ல, தென் மாநிலங்கள் சேர்ந்து நடத்துவது. ஒரே வகுப்பில் மலையாளமும் தெலுங்கும் தமிழும் கேட்கும். இந்த இடங்களிலெல்லாம் சொல்லிக் கொடுப்பவர்கள் மூன்று வகை. கவாத்து, ஆயுதம் கற்றுத் தருபவர்கள் காவலர் வரிசையிலிருந்து தேறி, அதற்கான தனிப் பயிற்சி முடித்து வந்தவர்கள். சட்டமும் நிர்வாகமும் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஜெயிலர், கண்காணிப்பாளர் பதவியில் அனுபவப்பட்டவர்கள். மூன்றாவது, வெளியிலிருந்து வரும் மனநல மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், குற்றவியல் பேராசிரியர்கள், நன்னடத்தை அலுவலர்கள்.

உங்களுக்கு முதல் கதவு சீக்கிரம் திறக்கும். உடம்பை நன்றாக வைத்திருந்தால் போதும். ஆனால் டியூஷன் எடுத்தவர் என்கிறீர்கள், மனம் இரண்டாவது கதவின் மேல்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. உதவி சிறை அலுவலர், ஜெயிலர் பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. நேரடித் தேர்வு நடத்துகிறது. வருடா வருடம் வராது. வரும்போது எழுதத் தயாராக இருங்கள். பதவி உயர்வு வழியாகவே அங்கே போய்ச் சேரலாம் என்று உட்கார்ந்தால் முடி நரைத்துவிடும். படிக்கவும் உங்களுக்கு வாய்ப்பான ஊர்: திருநெல்வேலியிலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. அபிஷேகப்பட்டிக்கு ஒருநாள் போய், வேலையில் இருந்துகொண்டு என்ன படிக்க முடியும் என்று விசாரித்துப் பாருங்கள். உளவியலும் சமூகப் பணியும்கூட உதவும். சாதாரண பி.இ.யை வைத்துக்கொண்டு இந்த வேலையில் என்ன செய்வது என்று சோர்ந்துவிட வேண்டாம். வேலூரில் ஷூ தைக்கிறார்கள், கோவையில் தறி ஓடுகிறது, பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள். இயந்திரம் தெரிந்த காவலருக்குத் தொழிற்கூடத்தில் எப்போதும் மரியாதை உண்டு.

ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன். பிளாக்கில் சில வருடமாவது, ராத்திரி ஷிப்ட் உட்பட, வேலை பார்க்காமல் பயிற்சிப் பிரிவுக்கு மனுப் போடாதீர்கள். காரணம் இதுதான். பயிற்சி முடித்த பையன் முதல் நாள் டியூட்டிக்குப் போகும்போது ஒரு மூத்தவர் தோளில் கை போட்டு, "அங்க படிச்சதெல்லாம் மறந்துடு தம்பி, இங்க வேற" என்பார். எங்கள் மாதக்கணக்கான பாடத்தை அந்த ஒரு வாக்கியம் துடைத்துவிடும். பாடம் தாக்குப்பிடிப்பது, அதைச் சொன்னவர் அந்த இடத்தில் நின்றவர் என்று பையனுக்குத் தெரிந்திருந்தால்தான். "அவர் கணக்குத் தப்பி ராத்திரி பத்து மணி வரை நின்றவர்யா, அவருக்குத் தெரியாதா" என்று அவன் மனசுக்குள் பதில் சொல்லிக்கொள்வான். புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வந்து மனித உரிமை வகுப்பு எடுத்த சிலரைப் பார்த்திருக்கிறேன். சொன்னது அத்தனையும் சரி. பின் வரிசை தூங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் செய்யலாம், பைசா செலவில்லாதது. முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வையுங்கள், சிறைக்குள் வேண்டாம். யார் பேரையும் எழுத வேண்டாம். இன்றைக்கு ஒருவர் எதற்காகக் கோபப்பட்டார், எந்த வார்த்தையில் அடங்கினார், எந்த மூத்தவர் சத்தமே போடாமல் ஒரு சண்டையை எப்படி விலக்கினார் என்று எழுதி வையுங்கள். பத்து வருடம் கழித்து நீங்கள் வகுப்பு எடுக்கும்போது அதிலிருந்துதான் எடுப்பீர்கள். நார்வேயில் சிறை அலுவலராக இரண்டு வருடம் படிக்க வேண்டும். அதில் ஒரு பகுதி சிறைக்குள்ளேயே செய்முறை. நமக்கு அவ்வளவு நீளம் கிடைக்காது. மிச்சத்தை நாமே படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில சில்லறை விஷயங்கள். ராத்திரி ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்கும். பகலில் தூங்க ஒரு இருட்டறையும், எழுப்பாத குடும்பமும் வேண்டும். பிளாக்கில் பேசும் குரல் வீட்டுக்கு வந்துவிடும், கவனமாக இருங்கள். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் சொல்லும் முதல் குறை அதுதான். டியூட்டி முடிந்ததும் குடிக்கப் போகும் கூட்டம் ஒன்று எல்லாச் சிறையிலும் இருக்கும். முதல் மாதத்திலேயே உங்களைக் கூப்பிடுவார்கள். தாராளமாக டீ வாங்கிக் கொடுத்து விலகிக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் என்ன சொல்வது? அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி, குடியிருப்பும் சிறை வளாகத்தை ஒட்டியே இருக்கும். பெண் வீட்டாரிடம் "பையன் ஜெயில்ல இருக்கான்" என்று சொல்லி வைக்காமல் "சிறைத்துறையில் அரசு உத்தியோகம்" என்று சொல்லச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீதியை ஆறு மாதம் கழித்து உங்களைச் சீருடையில் பார்க்கும் சொந்தக்காரர்கள் தீர்த்துவைப்பார்கள். அப்பா பேசாமல் இருப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் போவதற்கு முன் ஒரு தடவை அவரோடு தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

எஸ்.ஐ. தேர்வையோ டி.என்.பி.எஸ்.சி.யையோ எழுதுவதை விட்டுவிட வேண்டாம். பணியில் சேர்ந்த பிறகு எந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தாலும் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தடையின்மைச் சான்றுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு முதல் நாள் போய் எழுத்தரின் மேசை முன்னால் நின்றால் அவர் லீவில் இருப்பார்.